அடிமேல் அடி மட்டும் போதுமா?

கொல்ப் மைதானம் கற்றுத்தரும் பயிற்சி ஒழுங்கு

“அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்” என்ற பழமொழியைச் சொல்லாத வீடு நம்மிடையே இல்லை. பிள்ளை கணக்கில் பின்தங்கினாலும் சரி, கையெழுத்துக் கோணலாக இருந்தாலும் சரி, பாடசாலை வலைப்பந்து அணியில் இடம் கிடைக்காமல் போனாலும் சரி, நாம் கொடுக்கும் மருந்து ஒன்றுதான்: “இன்னும் செய். திரும்பத் திரும்பச் செய்.”

பிள்ளையும் செய்கிறது. வீட்டில் சரியாகவே செய்கிறது. ஆனால் பரீட்சை மண்டபத்திலோ போட்டி மைதானத்திலோ போய் நின்றதும் கை ஓடுவதில்லை. “வீட்டில் அவ்வளவு அழகாகச் செய்த பிள்ளை அங்கே போய் ஏன் இப்படி?” என்று உம்மா கவலைப்படுகிறார். “கவனம் போதாது” என்று வாப்பா தீர்ப்புச் சொல்கிறார். பிள்ளையோ “எனக்கு ஏலாது” என்று தனக்குத் தானே முடிவு கட்டிக்கொள்கிறது. உண்மையில் இழப்பு அங்கேதான் தொடங்குகிறது. ஒரு புள்ளி குறைந்தால் அடுத்த தவணையில் எடுத்துக்கொள்ளலாம். “எனக்கு ஏலாது” என்ற எண்ணம் ஒரு முறை மனதில் வேர்விட்டால் அதைப் பிடுங்குவது இலேசல்ல.

பிழை பிள்ளையில் இல்லாமல், பழகிய முறையில் இருந்தால்? இந்தக் கேள்வியை நீண்ட காலமாகக் கேட்டு வருகிறவர்கள் கொல்ப் விளையாட்டுக்காரர்கள். “கொல்ப்புக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?” என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே. அவர்கள் பட்டுத் தெளிந்த பாடம் உங்கள் பிள்ளையின் படிப்பு மேசைக்கும், உங்கள் தையல் மெஷினுக்கும் அப்படியே பொருந்துகிறது.

இது என்ன விளையாட்டு?

ஏப்ரல் விடுமுறையில் நுவரெலியாவுக்குப் போனவர்கள் நகரின் நடுவே விரிந்து கிடக்கும் பச்சைப் புல்வெளியைப் பார்த்திருப்பீர்கள். அது 1889ஆம் ஆண்டு தொடங்கிய கொல்ப் மைதானம். அதற்கும் பத்தாண்டுகள் முன்னதாக, 1879இல், கொழும்பில் ஒரு கொல்ப் கழகம் ஆரம்பிக்கப்பட்டது. பெண்களும் இவ்விளையாட்டில் பின்நிற்கவில்லை. மொரோக்கோ நாட்டைச் சேர்ந்த மஹா ஹத்தியூய், ஐரோப்பிய மகளிர் தொழில்முறைப் போட்டிகளில் இடம்பிடித்த முதலாவது அரபுப் பெண். 2016இல் றியோ ஒலிம்பிக்கிலும் அவர் விளையாடினார்.

விளையாட்டின் அமைப்பு எளிது. ஒரு சிறு பந்து. நாலேகால் அங்குல அகலமுள்ள ஒரு குழி. குழி பல நூறு யார் தொலைவிலும் இருக்கலாம். மிகக் குறைந்த அடிகளில் பந்தைக் குழிக்குள் சேர்ப்பவரே வெற்றியாளர். இப்படி 18 குழிகள். ஒருவர் 14 மட்டைகள் வரை கொண்டு போகலாம். தூர அடிக்க ஒரு மட்டை, மணலில் இருந்து பந்தைக் கிளப்ப ஒரு மட்டை, கடைசியில் குழிக்குள் மெதுவாக உருட்டிவிட ஒரு மட்டை.

இதில் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. ஓர் அடி அடித்தபின் அடுத்த அடிக்குப் பல நிமிடங்கள் நடக்க வேண்டும். அடுத்த அடி வேறு இடம், வேறு தூரம், வேறு மட்டை. காற்றும் மாறியிருக்கும். பிழைத்துப் போன அடியை “இன்னொரு முறை” என்று திரும்ப அடிக்க முடியாது. பரீட்சையும் அப்படித்தான் அல்லவா?

வாளி நிறையப் பந்துகள்

இப்போது கொல்ப் பயிற்சித் திடல் ஒன்றைப் பாருங்கள். வருபவர் ஒரு வாளி நிறையப் பந்துகளை வாங்கிக்கொள்கிறார். தூர அடிக்கும் பெரிய மட்டையை எடுக்கிறார். ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையில், ஒன்றன்பின் ஒன்றாக நூறு பந்துகளை அடித்துத் தள்ளுகிறார். முதல் பத்துப் பந்துகள் அங்குமிங்கும் போகின்றன. முப்பதாவது பந்தில் கை படிந்துவிடுகிறது. அதன்பின் ஒவ்வொன்றும் நேராகப் பறக்கிறது. வியர்வையோடும் மனநிறைவோடும் வீடு திரும்புகிறார். மறுநாள் போட்டியில் முதல் பந்தே புதருக்குள் போகிறது.

என்ன நடந்தது? முப்பதாவது பந்து நேராகப் போனது, இருபத்தொன்பதாவது பந்தின் சூடு கையில் இருந்ததால். மூளை புதிதாக எதையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சற்று முன் செய்ததைப் படியெடுத்தது, அவ்வளவுதான். போட்டியிலோ ஒவ்வோர் அடியையும் முதலிலிருந்து தீர்மானிக்க வேண்டும்: எவ்வளவு தூரம், எந்த மட்டை, எந்தத் திசை? அந்தத் தீர்மானத்தை அவர் பழகவே இல்லை. கையைப் பழக்கினார், தலையைப் பழக்கவில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். வழமையான ஒரு மைதானத்தில் அந்தப் பெரிய மட்டைக்கு ஓர் ஆட்டத்தில் 14 தடவைக்கு மேல் வேலை இராது. குழிக்குள் உருட்டும் மட்டையோ சாதாரண விளையாட்டுக்காரர் கையில் 30 தடவைக்கு மேல் வேலை செய்யும். ஆனால் பயிற்சியில் நேரமெல்லாம் பெரிய மட்டைக்கே போகிறது. காரணம், தூர அடிப்பது பார்க்க அழகு, மனதுக்கும் சந்தோஷம். எது இலகுவோ, எது பிடிக்குமோ அதையே திரும்பத் திரும்பச் செய்வது மனித சுபாவம். தெரிந்த கணக்கையே பத்துத் தடவை செய்து காட்டும் பிள்ளையும் இதைத்தான் செய்கிறது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

முதலாவது பாடம், பயிற்சியைப் பிரித்துச் செய்வது. பிரித்தானியத் தபால் ஊழியர்களுக்குத் தட்டச்சுப் பழக்கியபோது செய்த ஆய்வொன்றை பெடலி, லோங்மன் என்ற இருவர் 1978இல் வெளியிட்டனர். ஒரு குழுவினர் நாளொன்றுக்கு ஒரு மணித்தியாலம் மட்டும் பழகினர். இன்னொரு குழுவினர் நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலப்படி இரு தடவை, ஆக நான்கு மணித்தியாலம் பழகினர். விசைகளைக் கற்று முடிக்க முதற் குழுவுக்குச் சுமார் 35 மணித்தியாலம் பிடித்தது. மற்றக் குழுவுக்கோ சுமார் 50 மணித்தியாலம். வேடிக்கை என்னவென்றால், நாளுக்கு ஒரு மணித்தியாலம் பழகியவர்களே தங்கள் முறையில் மிகக் குறைந்த திருப்தி கொண்டிருந்தார்கள். நாட்கள் கூடுதலாகப் போவது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஆகவே, “நன்றாகப் போகிறது” என்ற உணர்வை மட்டும் வைத்துப் பயிற்சியை எடை போடக் கூடாது.

இரண்டாவது பாடம், கலந்து பழகுவது. 1986இல் கூட், மகில் என்ற ஆய்வாளர்கள் கல்லூரி மாணவியருக்குப் பட்மின்டனில் பந்து போடும் மூன்று முறைகளைக் கற்பித்தார்கள். சிலர் ஒரு முறையை முடித்த பின்னரே அடுத்ததற்குப் போனார்கள். சிலர் மூன்றையும் மாறிமாறிக் கலந்து பழகினார்கள். பின்னர் சோதித்தபோது, கலந்து பழகியவர்களே முன்னின்றார்கள். இதுவரை நின்று பழகாத பக்கத்தில் நிறுத்திச் சோதித்தபோதும் அவர்களே மேல்.

படிப்பிலும் இதே கதைதான். 2007இல் றோரர், டெய்லர் இருவரும் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் நான்கு வகைத் திண்மங்களின் கனவளவைக் கணிக்கப் பழகினார்கள். வகைவகையாகப் பிரித்துச் செய்தவர்கள் பயிற்சியின்போது நூற்றுக்கு 89 சரியாகச் செய்தார்கள். கலந்து செய்தவர்கள் 60தான். ஒரு கிழமை கழித்துப் பரீட்சை வைத்தார்கள். பிரித்துச் செய்தவர்கள் 20. கலந்து செய்தவர்கள் 63! பயிற்சியில் முன்னால் நின்றவர்கள் பரீட்சையில் பின்னால் போனார்கள். ஏன்? பிரித்துச் செய்தவர்களுக்குச் சூத்திரம் தெரியும்; எந்தக் கணக்குக்கு எந்தச் சூத்திரம் என்று தெரிவு செய்யத் தெரியாது. எந்தத் தூரத்துக்கு எந்த மட்டை என்று தெரியாத கொல்ப் விளையாட்டுக்காரரின் அதே நிலை.

இதற்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். மட்டையைப் பிடிக்கவே தெரியாதவரிடம் முதல் நாளே பத்து மட்டைகளைக் கொடுத்தால் குழம்பிப்போவார். அடிப்படை அசைவு ஓரளவு படியும் வரை ஒன்றையே பழகுவதுதான் சரி. படிந்ததும் கலக்க வேண்டும். நாம் செய்யும் பிழை முதலாவது கட்டத்திலேயே தங்கிவிடுவது.

கண் எங்கே, கை எங்கே?

மூன்றாவது பாடம் கவனம் பற்றியது. “கையை நேராக வை, தோளைத் திருப்பு, முழங்காலை மடி” என்று ஒரே மூச்சில் சொன்னால் புதிதாகப் பழகுபவர் விறைத்துப் போவார். ஜேர்மனியில் பிறந்த ஆய்வாளர் கப்ரியேல் வுல்ப்பும் குழுவினரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாகக் கொல்ப் பழகுவோரில் ஒரு பகுதியினரைத் தங்கள் கைகளின் அசைவைக் கவனிக்கச் சொன்னார்கள். மறு பகுதியினரை மட்டை வீசும் விதத்தைக் கவனிக்கச் சொன்னார்கள். மட்டையைக் கவனித்தவர்களே பந்தை இலக்குக்கு நெருக்கமாகச் சேர்த்தார்கள். மறுநாளும் அவ்வாறே. இடியப்பம் பிழிபவர் உரலில் இருந்து விழும் நூலைத்தான் பார்க்கிறார், தன் மணிக்கட்டை அல்ல.

நான்காவது பாடம் தாய்மாருக்கு நேரடியாக உரியது. ஒவ்வோர் அடிக்கும் பின்னால் நின்று திருத்தம் சொல்லும் பயிற்றுநர் நல்லவர்தான். ஆனால் அவர் இல்லாத நாளில் மாணவர் தடுமாறுவார். வின்ஸ்டீன், ஷ்மிட் என்ற இருவர் 1990இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு முயற்சிக்கும் முடிவு சொல்லப்பட்டவர்களைவிட, பாதி முயற்சிகளுக்கு மட்டும் சொல்லப்பட்டவர்கள் கற்றதை நன்றாக நிலைநிறுத்திக்கொண்டார்கள். தன் பிழையைத் தானே உணர அவர்களுக்கு இடம் கிடைத்தது. பிள்ளையின் கொப்பி மீது குனிந்து ஒவ்வோர் எழுத்துக்கும் “இல்லை, இப்படி” என்று சொல்லும் பழக்கம் நமக்கு இருந்தால் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

ஒரு மணித்தியாலத்தை எப்படிப் பிரிப்பது?

இந்தப் பாடங்களை ஒன்று சேர்த்து, கொல்ப் பழகும் ஒருவர் தன் ஒரு மணித்தியாலத்தை இப்படி ஒழுங்கு செய்யலாம்.

தொடங்குமுன்: சின்னக் கொப்பி ஒன்றில் இன்றைய நோக்கத்தை ஒரே வரியில் எழுதுவது. “நன்றாக அடிக்க வேண்டும்” என்பது நோக்கமாகாது. “நூறு யார் அடிகள் இடப்பக்கம் போகாமல் திருத்துவது” என்பதே நோக்கம்.

முதல் 10 நிமிடம்: உடம்பைத் தளர்த்தி, சிறு மட்டையால் அரை வீச்சில் மெதுவாகத் தொடங்குவது. எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் அடித்தால் முதுகு பிடிக்கும்.

அடுத்த 15 நிமிடம்: எழுதிய அந்த ஒரு பிழை மட்டும். ஒரே மட்டை, ஒரே இலக்கு. இருபது பந்துகள் போதும். ஒவ்வொரு பந்துக்கும் பிறகு ஒரு கணம் நின்று, எங்கே போனது, ஏன் போனது என்று பார்ப்பது.

அடுத்த 15 நிமிடம்: கலப்புப் பயிற்சி. ஒரே மட்டையால் இரண்டு பந்துகளைத் தொடர்ந்து அடிக்கக் கூடாது. தனக்குத் தெரிந்த மைதானம் ஒன்றை மனதில் கொண்டுவந்து, முதலாவது குழிக்குப் பெரிய மட்டை, அடுத்து நடு மட்டை, பின் சிறு மட்டை என்று விளையாடுவது போலவே அடிப்பது. ஒவ்வோர் அடிக்கும் முன்னர் பின்னால் வந்து நின்று இலக்கைப் பார்த்து, மூச்சு விட்டு, பிறகு பந்தருகே போவது. போட்டியில் பதற்றம் வரும்போது கைகொடுப்பது இந்த ஒழுங்குதான்.

அடுத்த 15 நிமிடம்: குழியருகே. சிறு தூக்கல்களும் உருட்டல்களும். 3 அடி, 6 அடி, 20 அடி என்று தூரத்தை மாற்றி மாற்றி, ஒரே ஒரு பந்தை வைத்து. மூன்று பந்துகளை வரிசையாக வைத்தால் முதல் பந்து காட்டிக்கொடுத்துவிடும். மற்ற இரண்டும் பயிற்சியே அல்ல.

கடைசி 5 நிமிடம்: ஒரு சோதனை. குழியைச் சுற்றி 3 அடியில் பத்து உருட்டல்கள். எத்தனை விழுந்தன என்று கொப்பியில் எழுதுவது. 7 என்றால் 7. அடுத்த கிழமை அதே சோதனை. முன்னேற்றம் உண்டா என்பதை உணர்வு பொய்யாகச் சொல்லலாம். கொப்பி சொல்லாது.

பந்துகளின் எண்ணிக்கையைக் கவனியுங்கள். நூறு பந்து அடித்தவரைவிட இவர் குறைவாகவே அடித்தார். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வியும் ஒரு விடையும் இருந்தன.

எவ்வளவு சரியாக இருந்தால் போதும்?

உலகத்தின் மிகச் சிறந்த கொல்ப் விளையாட்டுக்காரர்கள் 8 அடி தூரத்திலிருந்து உருட்டும் பந்துகளில் எத்தனை குழிக்குள் விழும் என்று நினைக்கிறீர்கள்? ஏறத்தாழப் பாதிதான். அதைத் தொழிலாகவே செய்து, அதில் கோடி கோடியாகச் சம்பாதிப்பவர்களுக்கே எட்டடியில் பாதிதான் கைகூடுகிறது. இதை அறியாத புதியவர், எட்டடியில் தவறவிட்டதும் தன்னையே நொந்துகொள்கிறார்.

நாமும் பிள்ளைகள் முன்னால் சரியான அளவுகோலைத்தான் வைத்திருக்கிறோமா? பயிற்சியில் எல்லாம் சரியாகவே வந்தால் அந்தப் பயிற்சி மிக இலகுவானது என்று பொருள். எல்லாம் பிழையாகவே வந்தால் அது மிகக் கடினமானது. சரியும் பிழையும் கலந்து வரும் இடமே கற்கும் இடம். பிள்ளை பிழை விடும்போது, “இங்கேதான் படிப்பு நடக்கிறது” என்று நாம் மனதுக்குள் சொல்லிக்கொண்டால் குரலின் சூடு தானாகத் தணியும்.

ஓய்வும் பயிற்சியின் ஒரு பங்கு. 1993இல் அன்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியலாளர் தன் குழுவினருடன் பேர்லின் நகரில் வயலின் பயிலும் மாணவர்களை ஆராய்ந்தார். மிகத் திறமையானவர்கள் தனியே இருந்து, கருத்தூன்றிக் கூடுதல் நேரம் பழகினார்கள். அதே சமயம், கூடுதலாகத் தூங்கினார்கள். பகலிலும் சற்றுக் கண்ணயர்ந்தார்கள். பரீட்சைக் காலத்தில் தூக்கத்தைக் கெடுத்து விழித்திருப்பதைப் பெருமையாகப் பேசும் நமக்கு இது ஒரு நினைவூட்டல்.

உங்கள் வீட்டில் எங்கிருந்து தொடங்கலாம்?

கொல்ப் மைதானம் நமக்குத் தேவையில்லை. இந்த ஒழுங்கு நமக்கு முற்றிலும் புதியதும் அல்ல. ஹிப்ழு மத்ரஸாவில் ஓதும் பிள்ளையைப் பாருங்கள். இன்றைய புதிய பாடம் ஒரு பங்கு, அண்மையில் ஓதியது ஒரு பங்கு, பழைய பாடம் ஒரு பங்கு என்று பிரித்து, பார்க்காமல் ஒப்புவிக்க வைக்கிறார்கள். புதியதை மட்டும் ஓதிக்கொண்டு போனால் பழையது நழுவிவிடும் என்பது உஸ்தாத்மாருக்கு அனுபவத்தில் தெரியும். அதே ஒழுங்கைப் பாடசாலைப் படிப்புக்கும் கொண்டுவாருங்கள்.

கணக்குப் பழகும் பிள்ளைக்கு ஒரே வகையில் இருபது கணக்குகள் கொடுக்காமல், இன்று படித்ததில் ஆறு, போன கிழமை படித்ததில் மூன்று, போன தவணையில் படித்ததில் மூன்று என்று கலந்து கொடுங்கள். பாடத் தலைப்பை மறைத்து விடுங்கள். எந்த முறை என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். முதலில் சிணுங்கும்; புள்ளியும் குறையும். பயப்படாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணித்தியாலம் என்பதை, நாளுக்கு அரை மணித்தியாலமாக ஆறு நாட்களுக்குப் பங்கிடுங்கள். நேரம் அதேதான், பலன் வேறு.

மகள் பட்மின்டனோ வலைப்பந்தோ பழகினால், பந்தை ஒரே இடத்திலிருந்து ஐம்பது தடவை எறியாமல், ஐந்து இடங்களிலிருந்து மாறி மாறி எறியச் சொல்லுங்கள். ஒவ்வொரு நாளும் கடைசிப் பத்து எறிகளை மட்டும் எண்ணி எழுதி வைக்கட்டும்.

நீங்கள் தையல் பழகுகிறீர்களா? நேர்த் தையலை ஒரு நாள் முழுவதும், வளைவை மறுநாள் முழுவதும் என்று வைத்துக்கொள்ளாமல், அடிப்படை படிந்த பிறகு பழந்துணி ஒன்றில் நேர், வளைவு, மூலை, சுருக்கு என்று மாற்றி மாற்றித் தையுங்கள். உண்மையான சட்டை அப்படித்தான் வரும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். இந்தக் கிழமை ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: படிக்க உட்காரும் முன் இன்றைய நோக்கத்தை ஒரே வரியில் எழுத வையுங்கள். முடிந்ததும் “எத்தனை செய்தாய்?” என்று கேட்காமல், “எது தட்டியது, அதற்கு என்ன செய்தாய்?” என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பழகிய பிள்ளை, “எனக்கு ஏலாது” என்று சொல்வதற்குப் பதிலாக, “இது இன்னும் சரிவரவில்லை, நாளைக்கு வேறு மாதிரிச் செய்து பார்க்கிறேன்” என்று சொல்லத் தொடங்கும்.

அம்மி நகரத்தான் வேண்டும். ஆனால் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று பார்த்து அடிப்பவரின் கை அவ்வளவு சீக்கிரம் வலிக்காது.